‘திரும்பிடுவோம்’ என்று சொல்லும் கூட்டாளி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழா என்றால் முதலாவதாக வந்தவர்களைப் பாராட்டிப் பேசுவது வழக்கம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால், இன்று நான் வேறொருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி. அவனுக்கு யாரும் கிண்ணம் கொடுப்பதில்லை. படம் எடுத்து மாட்டுவதுமில்லை. ஆனாலும் அவன் இல்லாவிட்டால் பல பயணங்கள் பாதியிலேயே முடிந்து போயிருக்கும்.

இதை விளக்க உங்களை வெகுதூரம் அழைத்துப் போகிறேன். இரண்டு நண்பர்கள் ஒரு சின்ன விமானத்தில் ஏறி, வானூர்தித் திருவிழா ஒன்றைப் பார்க்கப் போகிறார்கள். நாமும் அவர்களோடு போய் வருவோம். “தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆகாய விமானக் கதை எதற்கு?” என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைசியில் நம் தோட்டத்துச் சடக்கிலேயே வந்து இறங்குவோம்.

நம் நாட்டில் 1991-ஆம் ஆண்டு தொடங்கி லங்காவித் தீவில் ‘லிமா’ என்னும் விமானக் கண்காட்சி நடந்து வருவது உங்களில் பலருக்குத் தெரியும். போர் விமானங்கள் வானத்தில் குட்டிக்கரணம் போடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்த திருவிழா வேறு மாதிரியானது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னிபேகோ என்ற ஏரிக்கரையில் ஆஷ்காஷ் என்று ஓர் ஊர். ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசியில் ஒரு வாரம் அங்கே திருவிழா. வீட்டிலேயே சொந்தமாக விமானம் செய்து பார்க்கும் ஆசை கொண்டவர்கள், பால் போபரஸ்னி என்பவர் தலைமையில் 1953-இல் மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதே ஆண்டு ஒரு சிறு கூட்டமாகத் தொடங்கியதுதான் இது. 1970 முதல் ஆஷ்காஷில் நிலையாக நடந்து வருகிறது. 2024-இல் வந்து பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய 686,000.

வேடிக்கை என்னவென்றால், மக்கள் பலர் பஸ்ஸிலும் காரிலும் வருவது போல, அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் தங்கள் சிறுவிமானத்திலேயே வந்து இறங்குகிறார்கள். அந்த வட்டாரத்துக்கு அந்த ஒரு வாரத்தில் வரும் விமானங்கள் சுமார் பத்தாயிரம். வந்தவர்கள் புல்தரையில் விமானத்தை நிறுத்தி, அதன் இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் போட்டுத் தூங்குகிறார்கள். நாம் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போய்ப் பாய் விரித்துப் படுப்பதில்லையா? அது போலத்தான்.

நம் நண்பர்கள் இருவரும் போகும் விமானம் செஸ்னா 172 என்று வைத்துக் கொள்வோம். உலகத்தில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் அதுதான். 1950-களின் நடுவிலிருந்து இன்றுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். ஒரே எஞ்சின், முன்னால் சுழலும் விசிறி, தலைக்கு மேலே இறக்கை, உள்ளே நான்கு இருக்கை. நம் தோட்டத்துக் கிராணியின் காரைவிட உள்ளே இடம் அதிகமில்லை.

“ஒருத்தர் ஓட்டினால் போதுமே, இன்னொருத்தருக்கு அதில் என்ன வேலை?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. புறப்படும் முன்பே அந்த இன்னொருவருக்கு வேலை வந்துவிடுகிறது.

முதலில் நிறுவைக் கணக்கு. நான்கு இருக்கை இருக்கிறதே என்று நான்கு பெரியவர்களை ஏற்றி, எண்ணெயையும் முழுக்க நிரப்பினால் அந்த விமானத்துக்குச் சுமை மிஞ்சிவிடும். ஆகையால் ஆள் எடை, பை எடை, கூடாரத்தின் எடை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, எண்ணெய். மீட்டர் முள்ளை மட்டும் நம்புவதில்லை. இறக்கை உயரத்துக்கு ஏறி, மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்து பார்ப்பார்கள். பிறகு தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடி போன்ற சிறு குவளையில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். அது எஞ்சினுக்குள் போனால் வானத்தில் எஞ்சின் நின்றுவிடும். மங்குப் பாலில் மழைத்தண்ணீர் கலந்தால் என்ன ஆகும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். அங்கே பாலோடு போய்விடும். இங்கே உயிரோடு போய்விடும்.

மூன்றாவது, பட்டியல் வாசிப்பு. நண்பர் உரக்க வாசிப்பார். விமானி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து “சரி” என்பார். நூறு முறை பறந்தவராக இருந்தாலும் வாசித்துத்தான் ஆக வேண்டும். இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு துயரக் கதை உண்டு. 1935 அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், போயிங் நிறுவனம் செய்த நான்கு எஞ்சின் கொண்ட புதிய விமானம் ஒன்று கிளம்பியதுமே விழுந்து எரிந்தது. ஓட்டியவர் மேஜர் ஹில், கைதேர்ந்த விமானி. நிறுத்தியிருக்கும்போது வால் பாகம் காற்றில் ஆடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. அதைக் கழற்றிவிட மறந்து போனார்கள். அவ்வளவுதான். இரண்டு உயிர் போயிற்று. திறமை குறைவால் அல்ல, மறதியால். அதன் பிறகுதான் எழுதி வைத்து வாசித்துச் சரிபார்க்கும் முறை ஊன்றியது. “எனக்கு எல்லாம் மனப்பாடம்” என்று சொல்லித் தேர்வில் கேள்வியையே சரியாக வாசிக்காத பிள்ளைகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, நண்பர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆஷ்காஷ் நெருங்குகிறது. இங்கே பறக்கும் முறையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ரிப்பன் என்ற ஊருக்கு மேலே வந்து, அங்கிருந்து தரையில் தெரியும் ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே ஃபிஸ்க் என்ற சிற்றூர் வரை ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். வேகம் 90 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 167 கிலோமீட்டர். உயரம், கடல் மட்டத்துக்கு மேல் 1,800 அடி. முன்னால் போகும் விமானத்துக்கும் நமக்கும் இடைவெளி அரை மைல். அரை மைல் என்றால் அந்த வேகத்தில் இருபது விநாடிதான்!

அங்கே வானொலியில் ஆளாளுக்குப் பேசக் கூடாது. அத்தனை பேரும் பேசினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? ஃபிஸ்க்கில் தரையில் நின்றுகொண்டு கட்டுப்பாட்டாளர்கள் தொலைநோக்கியால் பார்த்து, நிறத்தையும் வகையையும் வைத்து அழைப்பார்கள்: “வெள்ளை செஸ்னா, இறக்கையை ஆட்டு!” விமானி பதில் பேசாமல் இறக்கையை இருபுறமும் ஆட்டுவார். அதுதான் “கேட்டேன் ஐயா” என்பதற்கு அடையாளம். பிறகு, எந்த ஓடுபாதை, அதில் எந்த வண்ணப் புள்ளியில் இறங்க வேண்டும் என்று உத்தரவு வரும். ஓடுபாதையில் பெரிய வண்ணப் புள்ளிகள் போட்டிருப்பார்கள். ஒருவர் ஒரு புள்ளியிலும் அடுத்தவர் வேறு புள்ளியிலும் இறங்குவதால் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விமானம் இறங்க முடிகிறது.

இத்தனை நேரமும் பக்கத்து இருக்கை நண்பருக்கு என்ன வேலை? கண்தான் வேலை. “வலப்பக்கம் கீழே ஒரு மஞ்சள் விமானம் வருது”, “முன்னால இருப்பவன் மெதுவா போறான், கிட்டே போறோம்” என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். வாயடிக்கும் நண்பனால் அங்கே பயனில்லை.

இந்தப் பயணத்துக்கென்று ஏறக்குறைய முப்பது பக்கத்தில் ஒரு கையேடு வருகிறது. விமானி அதைப் படித்து, கையிலும் வைத்திருக்க வேண்டும். அதில் உள்ள ஒரு விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இடைவெளியைக் காக்க முடியவில்லையா? முன்னால் போகிறவனை முந்த வேண்டிய நிலையா? வளைந்து நெளிந்து சமாளிக்காதே. வரிசையை விட்டு விலகு. ரிப்பனுக்கே திரும்பிப் போ. மறுபடியும் வரிசையில் சேர்ந்து வா. இதுதான் விதி.

கவனியுங்கள் பெற்றோர்களே! ‘திரும்பிப் போ’ என்பது அங்கே தண்டனை அல்ல. வந்து சேரும் வழியில் அதுவும் ஒரு பகுதி. கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். திரும்பிப் போனவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அரை மணி நேரம் பிந்தி அவனும் வந்து அதே புல்தரையில் கூடாரம் போடுகிறான்.

இனி, முக்கியமான செய்திக்கு வருகிறேன். சிறுவிமானத்துக்குப் பெரிய எதிரி எது தெரியுமா? இடியல்ல, புயலல்ல. வெள்ளைப் பஞ்சு போலத் தெரிகிறதே, அந்த மேகம்.

பிள்ளைகளே, தட்டாமாலை சுற்றியிருக்கிறீர்கள் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு சுற்றி, சட்டென்று நின்றால் என்ன ஆகிறது? உடம்பு நின்றுவிட்டது, ஆனால் உலகம் இன்னும் சுற்றுவது போல இருக்கிறது. நம் காதுக்குள்ளே மூன்று வளைந்த குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள திரவம் அசைவதை வைத்துத்தான் நாம் சாய்கிறோமா, சுற்றுகிறோமா என்று மூளை தெரிந்துகொள்கிறது. ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் திரவமும் கூடவே சுற்றும். அப்போது சுற்றுவதே தெரியாது. கண் திறந்திருந்தால் கண் காப்பாற்றும். மேகத்துக்குள் போனால் கண் திறந்திருந்தும் மூடியதற்குச் சமம். எங்கும் வெள்ளை. மேல் எது, கீழ் எது தெரியாது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து கீழே சுழன்றுகொண்டிருக்கும். விமானிக்கோ நேராகப் போவது போலவே தோன்றும்.

1954-இல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி பெறாத 20 பேரை, பயிற்சியாளர் துணையோடு, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்து ஓட்டச் சொன்னார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எவ்வளவு நேரத்தில்? 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. பிறகு அவர்களுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள்: கருவியைப் பார்த்து, பதற்றப்படாமல், மெல்ல அரைவட்டம் அடித்து வந்த வழியே திரும்புவது. பயிற்சிக்குப் பின் ஏறக்குறைய எல்லாராலும் முடிந்தது. உயிரைக் காக்கும் வித்தை முன்னே பாய்வது அல்ல, அடக்கமாகத் திரும்புவதே என்று அந்தச் சோதனை காட்டியது.

பின் ஏன் தெரிந்தே மேகத்துக்குள் போகிறார்கள்? அதுதான் மனித மனம். “நாளைக்குத் திருவிழா தொடங்குது. லீவு போட்டாச்சு. அங்கே சொல்லியாச்சு. இன்னும் நாற்பது மைல்தான். இப்போ போய்த் திரும்புறதா?” இந்த நினைப்பு மேகத்தைவிட ஆபத்தானது. சேர வேண்டிய இடம் நெருங்க நெருங்க, புத்தி மங்கும், பிடிவாதம் வளரும்.

1999 ஜூலை 16-ஆம் நாள் இரவு நடந்ததை உலகமே அறியும். முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன், ஜான் கென்னடி இளையவர், தம் மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு, ஒரு திருமணத்துக்காகத் தாமே சிறுவிமானம் ஓட்டிப் போனார். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதியை அவர் அப்போது பெற்றிருக்கவில்லை. இரவு நேரம், கடலுக்கு மேல் புகைமூட்டம் போன்ற மங்கல். வானமும் கடலும் பிரியும் கோடு தெரியவில்லை. விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தனர். திசையுணர்வு தப்பியதே காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. அன்று அவருடைய பயிற்சியாளர்களில் ஒருவர் “நானும் கூட வருகிறேன்” என்று சொன்னதாகவும், தனியாகவே போக விரும்புவதாக அவர் பதில் சொன்னதாகவும் விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. செல்வமும் புகழும் இல்லாதவரா அவர்? பக்கத்து இருக்கையில் இருந்து “திரும்பிடுவோம்” என்று சொல்ல, ஓட்டத் தெரிந்த ஒருவர் அன்று இல்லை.

ஆகவேதான், அனுபவமுள்ள விமானிகள் தரையில் இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்வார்கள். “நம் இருவரில் யாருக்கு மனசு சரியில்லை என்று தோன்றினாலும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் திரும்பலாம் என்றால் திரும்பிவிடுவோம். வாக்குவாதம் எல்லாம் கீழே இறங்கிய பிறகு.” இதுதான் அந்த ஒப்பந்தம். வானத்தில் போய் ஓட்டெடுப்பு நடத்த முடியாது. பேசி வைக்காத நண்பன், “நாம் சொன்னால் கோபித்துக்கொள்வானோ, பயந்தாங்கொள்ளி என்பானோ” என்று வாயை மூடிக்கொண்டிருப்பான். இருவரும் சேர்ந்தே மேகத்துக்குள் போவார்கள்.

இனி, நம் தோட்டத்துக்கு வருவோம். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. காலை பெரட்டில் நிற்கும்போதே வானத்தைப் பார்ப்பீர்கள். மரப்பட்டை ஈரமாக இருந்தால் கத்தி வைக்க மாட்டீர்கள். வைத்தால் பால் கோட்டைத் தாண்டி வழிந்து வீணாகும் என்பது தெரியும். ஒருநாள் கூலி போகிறதே என்று வயிறு எரியும். ஆனாலும் திரும்பி வருகிறீர்கள். காலையில் திரும்பி வந்த உங்களை யாராவது கோழை என்று சொன்னதுண்டா? இல்லை. தொழில் தெரிந்தவர் என்றுதான் சொல்வார்கள். அந்த அறிவைத்தான் நம் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகள் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். இங்கே அறுபது எழுபது பிள்ளைகளுக்குள் வளர்ந்தவர்கள், அங்கே ஆயிரம் பேருக்கு நடுவே நிற்கிறார்கள். முதல் மாதத்திலேயே புதுக்கூட்டாளி வந்துவிடுகிறான். யார் அந்தக் கூட்டாளி என்பதில்தான் பாதி வாழ்க்கை இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். படிவம் மூன்றில் இருந்தபோது, இரவு பத்து மணிக்கு, தன் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் பட்டணத்துக்கு ஓட்டப் பந்தயம் பார்க்கப் போக வேண்டியது. மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டிக்கு முன்விளக்கு சரியில்லை. கூட்டாளிக்கோ லைசென்ஸ் இல்லை. இந்தப் பையன் பின்னால் ஏறவில்லை. அதோடு விடவும் இல்லை. வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டான்! மூன்று மாதம் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. “பயந்தவன்” என்று பஸ்ஸில் கேலி வேறு. இன்று ஒருவன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான், ஒருவன் தொழிற்கல்லூரியில் படிக்கிறான். தீபாவளிக்கு இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் அவர்களிடம் பழைய கதையைக் கேட்கவில்லை. பலகாரம் கொடுத்து அனுப்பினேன்.

நட்பைப் பற்றி வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரம் எழுதியதோடு நிற்கவில்லை. நட்பை ஆராய்வது, தீய நட்பு, கூடாத நட்பு என்று ஐந்து அதிகாரங்கள் வரிசையாக எழுதினார். கூடிச் சிரிப்பதற்கு மட்டுமா நட்பு? எல்லை மீறும்போது முன்னே போய் இடித்துச் சொல்வதற்கும்தான் என்பது அவர் நமக்குச் சொன்ன கருத்து. சிறுவிமானத்தைக் கண்டிராத காலத்தில் சொன்னது, ஆஷ்காஷ் வானத்திலும் பொருந்துகிறது பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான் சொல்வது இரண்டு. கூட்டாளி “வேண்டாம்டா, திரும்பிடுவோம்” என்றால் அவனைக் கேலி செய்யாதீர்கள். அவன்தான் உங்கள் பக்கத்து இருக்கைக்குத் தகுந்தவன். இரண்டாவது, நீங்களும் ஒருவனுக்கு அப்படிப்பட்ட கூட்டாளியாக இருங்கள். சொல்லும்போது கசக்கும். சில நாள் தனியாகப் பஸ்ஸில் உட்கார வேண்டியும் வரும். பரவாயில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளையின் கூட்டாளி யார், பெயர் என்ன, வீடு எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ராத்திரி பட்டணத்திலிருந்து பிள்ளை போன் போட்டு, “அப்பா, இங்கே இருக்கப் பிடிக்கலே, வந்து கூட்டிட்டுப் போங்க” என்று சொன்னால், “ஏன் போனே? யாரைக் கேட்டுப் போனே?” என்று அப்போதே ஏசாதீர்கள். முதலில் போய்க் கூட்டி வாருங்கள். ஏச்சு மறுநாள் பசியாறிய பிறகு இருக்கட்டும். அன்றைக்கு ஏசினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை போன் போடாது. அரைவட்டம் அடித்துத் திரும்ப நினைத்த பிள்ளைக்கு ஓடுபாதை விளக்கை அணைத்தது போல ஆகிவிடும்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்து. பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் தோற்றவர்கள் அல்லர். ரிப்பனுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். தண்டவாளம் அங்கேயே இருக்கிறது, வரிசையும் போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்த ஆண்டு சேர்ந்து வாருங்கள். பரிசு வாங்கியவர்களே, இறங்கிய கையோடு திரும்பிப் பார்த்து, பின்னால் வரும் உங்கள் கூட்டாளிக்குக் கணக்குப் பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள்.